தரங்கம்பாடி ஒருநாள் சுற்றுலா: சாப்பாட்டுக்காகவே போகலாம்

பூம்புகார், தரங்கம்பாடி இரண்டையும் ஒரே நாளில் காட்டும் வேன் பயணம். பூம்புகாரில் கொஞ்சம் அவசரப்படுத்தினார்கள். ஆனால் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டையை நிதானமாகப் பார்க்க விட்டார்கள், 1706-இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் வந்திறங்கியது, 1845-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது எல்லாவற்றையும் வழிகாட்டி சலிக்காமல் சொன்னார், கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயிலையும் விடவில்லை.

மதியம் ஒரு கிராமத்து வீட்டில் சாப்பாடு. மண்சட்டி மீன் குழம்பு, நெத்திலி வறுவல், அப்புறம் கெட்டி மோர். குழம்பில் கிடந்த மாங்காய்த் துண்டு கரையாமல் புளியும் காரமும் ஏறி அவ்வளவு ருசி, அந்த அம்மா இன்னொரு கரண்டி ஊற்றியபோது யாருமே போதும் என்று சொல்லவில்லை. சைவக்காரர்களுக்குச் சாம்பார் மட்டும்தான், அதை முன்பே சொல்லியிருக்கலாம். நவம்பர், டிசம்பர் மழைக்காலம், ஜனவரிக்கு மேல் போங்கள்.