பளபளப்புப் படத்தைப் பலகையில் ஒட்ட: ஸ்பிரே பசையா, இருபக்க ஒட்டுப்படலமா?

பளபளப்பான படம் தன் அடியிலுள்ள சிறு மேட்டையும் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், சட்டமிடுவதற்கு முன் பசையைத் தெரிவுசெய்வதிலேயே மிகுந்த கவனம் வேண்டும்.

ஸ்பிரே பசையை விரைவாக அடிக்கலாம். ஆனால் அது துளித்துளியாக விழுவதால் தோடம்பழத் தோல் போன்ற சொரசொரப்பு படத்தின் மேல் தெரியக்கூடும்; வன்னியில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் புழுதியும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டுப்படலம் எங்கும் ஒரே கனமுடையது; என் தெரிவும் அதுவே. தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்வது அதன் குறை. ஆகவே, காப்புத்தாளை ஓர் ஓரத்தில் இருவிரல் அகலத்துக்கு மட்டும் உரித்து, அந்த ஓரத்தை நேராகப் பதித்தபின், மீதித் தாளை ஒரு கையால் மெல்ல இழுத்தபடி மறு கையால் ரப்பர் உருளையை நடுவிலிருந்து பக்கங்களுக்கு ஓட்டினால் காற்றுக்குமிழ் தங்காது. மரநாரை அழுத்திச் செய்த மெல்லிய எம்டிஎஃப் பலகை மாரி ஈரத்தில் வளையக்கூடும். பின்புறத்திலும் அதே அளவு தாளொன்றை ஒட்டினால் இழுவை சமப்படும்.

போருக்குத் தப்பி எஞ்சிய ஒரே குடும்பப்படம் என்றால் இரண்டுமே வேண்டாம்: இரண்டையும் பின்னர் சேதமின்றிப் பிரிப்பது கடினம். அதை ஸ்கான் செய்து புதிய அச்சை மட்டும் ஒட்டுங்கள்.