சேவலைக் காப்பதா, முட்டையைக் காப்பதா? அமெரிக்கத் தென்மாநிலங்களின் காட்டு வான்கோழிச் சர்ச்சை

மார்ச் கடைசி வாரம், விடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கும். ஜார்ஜியாவின் பைன் காட்டோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால், இரவு தங்கிய மரத்திலிருந்தே சேவல் வான்கோழி கூவத் தொடங்கும். நான் இங்கே குடிவந்த புதிதில் ஒரே மேட்டில் நின்று நாலு திசையிலும் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். இப்போது அதே மேட்டில் ஒன்று கேட்டாலே மனசு நிறைந்துவிடுகிறது. என்னை முதன்முதலில் வேட்டைக்குக் கூட்டிப்போன பக்கத்து நிலத்துக்காரர் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அவர் சிறுவனாக இருந்தபோது அந்த வட்டாரத்தில் வான்கோழியே கிடையாது. திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தவர், குறைவதையும் பார்க்கிறார்.

திரும்பி வந்த கதை சாதாரணமானதல்ல. கட்டுப்பாடில்லாத வேட்டையும் காடழிப்பும் சேர்ந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பறவையைக் கிட்டத்தட்டத் துடைத்தே விட்டன. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் கிடைத்த வரியை வனவிலங்குப் பணிக்குத் திருப்பியது. பண்ணையில் வளர்த்து விட்டவை பிழைக்கவில்லை. வெடியால் வீசும் வலையில் காட்டுப் பறவைகளையே உயிரோடு பிடித்து, இல்லாத இடங்களில் கொண்டுபோய் விட்டபோதுதான் பலன் கிடைத்தது. 1973இல் தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு தொடங்கியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணிக்கை 70 லட்சத்தை நெருங்கியது. அதற்குப் பிறகு தெற்கிலும் மிசூரியிலும் இறங்குமுகம்.

ஏன் இறங்கியது என்று கேட்டால் வேட்டைக்காரர்கள் இரண்டு அணியாகப் பிரிகிறார்கள். வேட்டைச் சீசனின் தொடக்கத்தைத் தள்ளு, ஆளுக்குச் சுடும் எண்ணிக்கையைக் குறை என்பது ஓர் அணி. எங்களை ஏன் கட்டுப்படுத்துகிறீர்கள், முட்டை தின்னும் ரக்கூன் விலங்கைப் பிடியுங்கள் என்பது இன்னொன்று. இரண்டு அணியிலும் எனக்கு நண்பர்கள் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

விதியை இறுக்குவது

வசந்த சீசனில் சுடுவது ஏறக்குறைய எப்போதும் சேவலைத்தான். நெஞ்சில் தாடிபோலத் தொங்கும் முடிக்கற்றைதான் அடையாளம். ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும். அதனால் பெட்டைகள் இணைசேர்ந்த பிறகு சேவல் போனால் இனத்துக்குக் கேடில்லை என்பதே பழைய கணக்கு. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் வான்கோழி ஆய்வாளர் மைக் சேம்பர்லின் கேட்கும் கேள்வி இந்தக் கணக்கைத்தான் உரசுகிறது: பெட்டைகள் இணைசேர்வதற்கு முன்பே வட்டாரத்தின் மூத்த சேவலைச் சுட்டுவிட்டால்? அதன் இடத்தை இன்னொன்று பிடிக்க நாளாகும், அடைகாப்பு தள்ளிப்போகும், தள்ளிப்போன கூடு தேறுவது குறையும் என்பது அவர் அச்சம்.

மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. 2022இல் அலபாமா தொடக்கத்தை மார்ச் 25க்குத் தள்ளியது. ஒருவர் ஒரு சீசனில் சுடக்கூடியது 5 என்றிருந்ததை 4 ஆக்கியது. முதல் 10 நாள் சேவலை ஈர்க்கும் போலி வான்கோழிப் பொம்மை வைக்கக் கூடாது என்றது. அதே ஆண்டு ஜார்ஜியா 3ஐ 2 ஆக்கி, பொது நிலத்தில் தனியார் நிலத்தைவிட ஒரு வாரம் தாமதமாகத் திறந்தது. டென்னசியில் 4 என்றிருந்தது 2021இல் 3, 2023இல் 2. அங்கே சீசனும் ஏப்ரல் நடுவுக்குப் போனது. ஆர்கன்சாவில் 2011 முதல் பெரியவர்கள் 'ஜேக்' எனும் ஓராண்டுச் சேவலைச் சுடவே கூடாது. மிசிசிப்பி 1998லேயே தாடி 6 அங்குலம் இருக்க வேண்டும் என்று வைத்துவிட்டது.

இதில் எது வேலை செய்கிறது? சீசனைத் தள்ளுவதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். டென்னசியின் தென்-மத்திய மாவட்டங்கள் சிலவற்றில் 2021 முதல் இரண்டு வாரம் தள்ளி, தள்ளாத மாவட்டங்களோடு ஒப்பிட்டார்கள் டென்னசி பல்கலைக்கழகத்தார். பெட்டைகள் கூடு கட்டிய காலமோ, கூடு தேறியதோ, குஞ்சு பிழைத்ததோ குறிப்பிடும்படி மாறவில்லை. சேம்பர்லினின் வாதத்தில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் களத்தில் செய்த சோதனை அதற்குக் கை கொடுக்கவில்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்கே வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் தள்ளிவைப்பை நான் ஆதரித்தவன்.

ஆளுக்கு இத்தனை என்ற வரம்பும் தோன்றுவதைவிடச் சிறிய கருவி. பெரும்பாலோர் ஒரு சீசனில் ஒன்றும் சுடுவதில்லை, அல்லது ஒன்றோடு நிற்கிறார்கள். 4ஐ 2 ஆக்கினால் கைதேர்ந்த சிலருக்குத்தான் அது உறைக்கும். ஜேக் விதி எனக்குப் பிடித்தது. இந்த வருஷம் தப்பிய ஜேக் அடுத்த வருஷம் கூவும் சேவல். அவ்வளவு நேரடியான கணக்கு. விரித்த வால்விசிறியின் பின்னால் ஒளிந்துகொண்டு தவழ்ந்துபோய்ச் சுடும் வழக்கத்தைப் பொது நிலங்களில் தடுப்பதும் சரியே. பறவைக்காக இல்லாவிட்டாலும், அந்த விசிறியைப் பார்த்து இன்னொருவர் குறிவைக்காமல் இருக்கவாவது வேண்டும்.

கொன்றுண்ணிகளைக் குறைப்பது

இந்த அணியின் வாதம் பெட்டையின் வாழ்க்கையிலிருந்து தொடங்குகிறது. தரையில் கூடு. நாளுக்கு ஒரு முட்டையாக ஏறக்குறைய 12 முட்டை இடும். 28 நாள் அடைகாக்கும். பொரித்த குஞ்சு மரமேறித் தூங்க இன்னும் இரண்டு வாரம். கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட எட்டு வாரம் ஒரு குடும்பம் முழுக்கத் தரையில் கிடக்கிறது. ரக்கூன், ஒப்போசம், ஸ்கங்க், எலிப்பாம்பு, காக்கை எல்லாம் முட்டை தின்னும். பாப்கேட் எனும் காட்டுப்பூனையும் கயோட்டி எனும் சிறிய ஓநாயினமும் பெட்டையையே தூக்கும். பெரும்பாலான கூடுகள் பொரிக்காமலே போகின்றன.

ரக்கூன் பெருகியதற்கு ஒரு கதை உண்டு. 1970களின் கடைசியில் ஒரு நல்ல ரக்கூன் தோல் 20 டாலருக்கு மேல் விலை போனது. பள்ளிப் பிள்ளைகள்கூடப் பொறி வைத்தார்கள். 1980களின் இறுதியில் தோல் சந்தை படுத்தது. பொறி வைத்தவர்கள் விட்டுவிட்டார்கள். வான்கோழி வளர்ந்த வருஷங்களில் ரக்கூன் மேல் இருந்த அழுத்தம் இன்று இல்லை. மூத்த வேட்டைக்காரர்கள் இதைச் சொல்லும்போது அதிகாரிகள் சிலர் புலம்பல் என்று தள்ளிவிடுகிறார்கள். அது புலம்பல் இல்லை. அவர்கள் வாழ்ந்து பார்த்தது.

ஆனாலும் எப்படிப் பிடிப்பது என்பதில்தான் இந்த அணி தடுமாறுகிறது. தெற்கு டகோட்டா 2019இல் கூடு சூறையாடும் விலங்கைப் பிடித்து வாலைக் கொண்டுவந்தால் வாலுக்கு 10 டாலர் பரிசு என்று அறிவித்தது. அங்கே நோக்கம் பெரும்பாலும் பெசன்ட் எனும் வேட்டைப் பறவையின் கூடுகளைக் காப்பது. முதல் ஆண்டில் 54,000க்கு மேல் வால்கள் குவிந்தன. கேட்க மலைப்பாக இருக்கும். அந்த மாநிலத்தின் பரப்பு சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர். நாலு சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு விலங்குதான்! அந்த வெற்றிடத்தை ஒரே வருஷத்துக் குட்டிகள் நிரப்பிவிடும். குழந்தைகள் பொறி வைக்கப் பழகினார்கள் என்பது நல்லதுதான். கூடு பிழைத்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கயோட்டி விஷயத்தில் இன்னும் மோசம். கண்ட இடத்தில் சுடுவோம் என்பவர்கள் பலர். அடித்தால் மீதமிருப்பவை அதிகக் குட்டி போடும், பக்கத்திலிருந்து புதியவை வந்து சேரும். போதாததற்குக் கயோட்டி ரக்கூனையும் கொல்லும். பெட்டைகளைத் தூக்கும் கொம்பு ஆந்தைக்கோ கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதைத் தொடவே முடியாது.

வேலை செய்யும் முறை ஒன்று இருக்கிறது, ஆனால் முதுகொடிக்கும். புளோரிடாவின் டாலஹாசி அருகே டால் டிம்பர்ஸ் ஆய்வு நிலையம் காடைகளுக்காக இதைப் பல ஆண்டு பார்த்திருக்கிறது. சிறிய பரப்பு, கூடு கட்டும் பருவத்தை ஒட்டிய வாரங்கள், விடாத உழைப்பு, வருஷாவருஷம். எங்கள் பக்கத்தில் ரக்கூன் கையை விட்டு இழுத்தால் மட்டும் அகப்படும் குழாய்ப் பொறியில் மார்ஷ்மெல்லோ போட்டு வைக்கிறார்கள், நாய் சிக்காது. பிப்ரவரியில் தொடங்கி மே வரை தினமும் காலையில் போய்ப் பார்க்க வேண்டும். டிசம்பரில் பத்து ரக்கூன் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதால் ஏப்ரலில் முட்டை தப்பாது, அதற்குள் புதியவை வந்துவிடும்.

இங்கே வேட்டைக்காரர்களிடம் ஒன்று கேட்டே ஆக வேண்டும். மானுக்கென்று வருஷம் முழுக்க மூட்டை மூட்டையாக மக்காச்சோளம் கொட்டுவது யார்? அந்தத் தீனிப்பெட்டியடியில் இரவுக் கேமராவில் விழுவது பாதி ரக்கூன்தான். ஒரு கையால் ஊட்டி வளர்த்துவிட்டு மறு கையால் பொறி வைக்கிறோம். பூஞ்சை பிடித்த சோளத்தில் இருக்கும் நஞ்சு வான்கோழிக்கும் ஆகாது. பொறி வாங்கும் முன் தீனிப்பெட்டியை அகற்றுங்கள் என்று நான் சொன்னதற்காக என்னோடு பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு. இன்றும் அதையேதான் சொல்வேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது

இரண்டும் ஒரே நோய்க்கான மருந்து என்று நினைத்துத்தான் சண்டை போடுகிறோம். விதி காப்பது சேவலை, பொறி காப்பது முட்டையை. இன்றைய குறை குஞ்சில் இருக்கிறது. கோடையில் ஒரு பெட்டைக்கு இரண்டு குஞ்சாவது தேறினால் கூட்டம் நிற்கும் என்பது பொதுவான அளவுகோல். அதைத் தொடாத வரை விதியை எவ்வளவு இறுக்கினாலும் கூட்டம் பெருகாது. அதே சமயம் குஞ்சு குறைந்த வருஷங்களில் மிச்சமிருக்கும் சேவல்களையும் வாரிவிட்டால், நல்ல வருஷம் வரும்போது காடு மௌனமாக இருக்கும். அதனால் குறைந்த வரம்பையும் ஜேக் விதியையும் நான் ஆதரிக்கிறேன், குணமாக்கும் என்று நம்பி அல்ல, காலம் வாங்கித் தரும் என்பதற்காக.

சொந்த நிலம் இல்லாமல் பொது நிலத்தில் மட்டும் வேட்டையாடுபவருக்கு விதிதான் கைக்கெட்டும் ஒரே கருவி. அவர் விதி வகுக்கும் மாநில வனவிலங்கு ஆணையத்தின் கூட்டத்துக்குப் போய்ப் பேச வேண்டும். நூறு ஏக்கரோ ஆயிரம் ஏக்கரோ வைத்திருப்பவரிடம் நான் வேறு சொல்வேன்: முதலில் தீ வையுங்கள். திட்டமிட்டு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எரித்த பைன் காட்டில் முழங்கால் உயரப் புல்லும் முட்செடியும் வரும். பெட்டை ஒளிய இடம், குஞ்சுக்குப் பூச்சி. மூடிக்கிடக்கும் நிழற்காட்டில் கூடு ஓரங்களில் ஒதுங்கும். ரக்கூன் நடப்பதும் அதே ஓரங்களில்தான். மறைவு இல்லாத நிலத்தில் பொறி வைப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். எரித்த நிலத்தில், பிப்ரவரி முதல் மே வரை விடாமல் பொறி பார்க்க ஆளும் மனசும் இருந்தால் மட்டும் அதில் இறங்குங்கள். பக்கத்து நிலத்துக்காரரும் சேர்ந்தால் நல்லது, ரக்கூனுக்கு வேலி தெரியாது.

பக்கத்து நிலத்துக்காரர் போன பிப்ரவரியில் கீழ்ப்புறப் பைன் துண்டை எரித்தார். தீனிப்பெட்டியையும் எடுத்துவிட்டார்; மகன் கோபித்துக்கொண்டான். ஜூலையில் அந்தக் கருகிய துண்டின் ஓரம் ஒரு பெட்டை குறுக்கே போவதை இரண்டு பேரும் வண்டியிலிருந்தே பார்த்தோம். பின்னால் புல் அசைந்தது. ஐந்து என்றேன், ஆறு என்றார். மாநில வனத்துறையின் கோடைக் கணக்கெடுப்புக்கு ஐந்து என்றே எழுதி அனுப்பினோம்.