தைராய்டு மாத்திரையோடு சில ஆண்டுகள்: எடையும் கைமரப்பும், கிழங்கும் மீனும்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எனக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. பால் வெட்டுக்கு ஆள் வைப்பதில்லை, நானே இறங்குவேன். தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிந்து, குறைந்த ஹார்மோனை ஈடுகட்டும் லெவோதைராக்ஸின் மாத்திரை தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இதைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: எடை குறைந்ததா? குறைந்தது. ஆனால் அதில் மாத்திரையால் போனது கொஞ்சம், தட்டில் சோறு குறைந்ததால் போனது மிச்சம். மற்ற தொல்லைகளைப் பொறுத்தவரை மாத்திரை பெரிய காரியம் செய்திருக்கிறது. எடைக்காக மட்டும் இதை நம்பி இறங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எனக்குத் தொல்லை முதலில் கையில்தான் வந்தது. விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் முன்னூறு மரத்துக்கு மேல் வெட்ட வேண்டும். பாதித் தோட்டம் தாண்டும் முன்பே வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகும், கத்தி பிடி நழுவும். ராத்திரி தூக்கத்தில் கையை உதறிக்கொண்டு எழும்புவேன். வெட்டுக்காரன் கைக்கு இது சகஜம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வர்ம வைத்தியர் ஒருவரிடம் எண்ணெய் போட்டுத் தடவினேன். நாலு நாள் சுகம், அப்புறம் பழையபடி. மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான வழியாகத்தான் அந்த விரல்களுக்கான நரம்பு போகிறது. தைராய்டு குறையும்போது உடம்பின் திசுக்களில் நீர் கோத்துக்கொள்ளும். மணிக்கட்டில் அப்படி ஆனால் நரம்பு நெருக்கப்படும். டாக்டர் இதைச் சொன்ன பிறகுதான் கைக்கும் கழுத்தில் இருக்கும் தைராய்டுக்கும் இருந்த சம்பந்தம் விளங்கியது.

மற்றவை ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சித்திரை மாதத்தில் போர்வை. மலம் இறுகிப்போனது. மதியம் உட்கார்ந்த இடத்தில் தூக்கம். காலையில் கண்ணுக்குக் கீழே வீக்கம். கோயில் பாட்டுக்குழுவில் நடுக்குரலில் பாடிக்கொண்டிருந்தவன், ஒரு கிறிஸ்மஸுக்குக் கீழ்க்குரல் வரிசையில் போய் நின்றேன். குரல் அவ்வளவு தடித்துவிட்டது. எடையும் ஏறியது. தினமும் மேடும் பள்ளமும் ஏறி இறங்குகிற ஆளுக்கு எப்படி ஏறும் என்று யாருக்கும் புரியவில்லை. "மக்களே, நல்லா தடிச்சிட்டியே, ரப்பருக்கு விலை ஏறிட்டோ?" என்று மாமி ஒருத்தி கல்யாண வீட்டில் கேட்டாள். விலை ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

நோய் பிடிபட்டது கொழுப்புப் பரிசோதனையில். எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு அதிகமாக இருந்ததைப் பார்த்துவிட்டு நாகர்கோவிலில் டாக்டர் கொழுப்பு மாத்திரை எழுதப் போனவர், முகத்தை ஒரு தரம் பார்த்து நிறுத்திவிட்டு, "முதல்ல டிஎஸ்எச் பாத்துட்டு வாங்க" என்றார். சாதாரண அளவு சுமார் 0.4 முதல் 4 வரை. எனக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரப்பது அல்ல, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்புவது. கீழே வேலை நடக்கவில்லை என்றால் கங்காணி சத்தம் கூட்டுவது போல, தைராய்டு குறையக் குறைய இது ஏறும். தைராய்டு குறைந்தால் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை வாங்கிக் கழிப்பதும் குறைந்துவிடும், அதனால் கொழுப்பு ஏறும். எனக்கு டிஎஸ்எச் ஒழுங்கானதும் கொழுப்பு தானே இறங்கியது, அந்த மாத்திரை வேண்டியே வரவில்லை. கொழுப்பு கூடுதல் என்று சீட்டு வாங்கியவர்கள் ஒரு தடவை தைராய்டையும் பார்த்துவிடுவது நல்லது.

"ஆம்பிளைக்கும் இது வருமா?" என்று கேட்காத ஆள் கிடையாது. பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது என்பது சரி. ஆண்களுக்கு வராது என்பது சரியல்ல. கடலும் மீனும் இருக்கிற மாவட்டத்தில் அயோடின் எப்படிக் குறையும் என்பது அடுத்த கேள்வி. எனக்கு அயோடின் குறையவே இல்லை. எதிர்ப்பொருள் பரிசோதனையில் தெரிந்தது, உடம்பின் பாதுகாப்புப் படையே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ வகை. 1912இல் அதை விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயர் அது. இதற்கு அயோடின் சொட்டு, கடற்பாசி மாத்திரை என்று கூடுதலாக ஏற்றினால் கெடுதல்கூட வரலாம். அதே நேரம், புத்தளத்திலும் சாமித்தோப்பிலும் அளத்தில் வாரிய கல்லுப்பு கடலில் இருந்து வந்ததுதானே, அதில் அயோடின் இருக்கும் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். தண்ணீர் வற்றி உப்பாகும்போது அதில் அயோடின் பேருக்குத்தான் மிஞ்சும், சேர்த்தால்தான் உண்டு. சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பு, கருவாட்டுக்குக் கல்லுப்பு என்று இப்போது பிரித்து வைத்திருக்கிறோம்.

மாத்திரை 50 மைக்ரோகிராமில் தொடங்கி, படிப்படியாக 100க்கு வந்து நின்றது. இதில் பொறுமை வேண்டும். இந்த மருந்தின் பாதி உடம்பிலிருந்து கழியவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் அளவை மாற்றிய பிறகு ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டிஎஸ்எச் பார்த்தால் அர்த்தம் உண்டு. பத்து நாளில் "ஒண்ணும் தெரியல்ல" என்று நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். எனக்கு முதலில் சரியானது மலச்சிக்கல், அப்புறம் பகல் தூக்கம். முகவீக்கம் வடிய ஒன்றிரண்டு மாதம். கைமரப்புக்கு அதைவிட நிறைய நாள் பிடித்தது, ஆனால் போனது. குரல் முக்கால்வாசி திரும்பியது. குதிகால் வெடிப்பு மட்டும் போகவே இல்லை, அதற்குத் தேங்காய் எண்ணெய்தான்.

இந்த மாத்திரையில் அளவைப் போலவே நேரமும் முக்கியம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் எதுவும் சாப்பிடலாம். காப்பி மருந்தை உறிஞ்சவிடாது, பாலில் உள்ள கால்சியமும் அப்படியே. வெட்டுக்காரனுக்கு இது எளிது: எழும்பியதும் மாத்திரை, உடனே தோட்டம், வெட்டி முடித்து வரும்போது இரண்டு மணி நேரம் போயிருக்கும், அப்புறம் நிம்மதியாகச் சாயா. சிக்கல் வருவது மழைக்காலத்தில்தான். வெட்டு இல்லாத நாளில் எழும்பியதுமே கை சாயாவுக்குப் போகும். அதற்காக மாத்திரைப் பாட்டிலைச் சாயாப் பொடி டப்பாவின் மேலேயே வைத்திருக்கிறாள் என் மனைவி.

பக்கத்து வீட்டு மைனிக்கும் இதே நோய்தான். அவர்கள் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போகிறவர்கள். விடியும் முன்பே சோறாக்கி, பிள்ளைகளைக் கிளப்பி, சாயா குடித்துவிட்டு ஓட வேண்டும். காத்திருக்க நேரமே கிடையாது. ஒவ்வொரு பரிசோதனையிலும் டிஎஸ்எச் ஏறியே நின்றது. டாக்டர் அளவைக் கூட்டாமல் நேரத்தை மாற்றினார்: ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது. அது பலித்தது. காலையில் முடியாதவர்கள் இதை டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு மட்டும் எந்த நேரமானாலும் நாலு மணி இடைவெளி வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருந்த என் டிஎஸ்எச் நடுவில் ஒரு தடவை திடீரென்று ஏறியது. அளவும் மாறவில்லை, நேரமும் தவறவில்லை. கிளறிப் பார்த்ததில், நெஞ்செரிச்சலுக்கு வேறு ஒரு டாக்டர் எழுதிய கேஸ் மாத்திரை. வயிற்றில் அமிலம் குறைந்தால் தைராய்டு மாத்திரை சரியாகக் கரையாது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமினை விழுங்குகிறவர்களுக்கு வேறு மாதிரி ஆகும்: பல லேப்களில் டிஎஸ்எச் உண்மையைவிடக் குறைவாகக் காட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். நான் எப்போதும் ஒரே லேப், காலையில், அன்றைய மாத்திரை போடும் முன்பு. டிஎஸ்எச் ஒரு நாளிலேயே நேரத்துக்கு நேரம் மாறும், காலை ரிசல்ட்டையும் மத்தியான ரிசல்ட்டையும் ஒப்பிட்டுக் குழம்பக் கூடாது.

தைரோநார்ம், எல்ட்ராக்ஸின் இரண்டும் இங்கே எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும். உள்ளே ஒரே மருந்து. எனக்கு வேறுபாடு தெரியவில்லை, ஆனாலும் ஒன்றிலேயே நிற்கிறேன். கம்பெனி மாறினால் டிஎஸ்எச் மறுபடி பார்ப்பதுதான் முறை. ஒரு கடையில் கேட்காமலே வேறு கம்பெனி மாத்திரையைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், பிரித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். நம்ம ஊர் ஈரத்துக்கு மாத்திரையை அந்தப் பாட்டிலிலேயே, மூடியை இறுக்கி வைப்பது நல்லது. செலவு பெரிதில்லை. ஒரு சாயா விலைக்கு நாலைந்து நாள் மாத்திரை வரும்.

சரி, எடைக்கு வருவோம். மாத்திரை பிடித்த முதல் சில மாதங்களில் மூன்று நாலு கிலோ இறங்கியது. அது கொழுப்பு இல்லை, பெரும்பாலும் கோத்திருந்த உப்பும் தண்ணீரும். அப்புறம் எடை அங்கேயே நின்றுவிட்டது. தைராய்டுக் குறைவால் மட்டும் ஏறும் எடை பொதுவாக இரண்டு முதல் ஐந்து கிலோதான் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கோபமாகவே இருந்தது. மீதியை எந்தக் கணக்கில் எழுதுவது? வெட்டு முடிந்து ஒரு பழம்பொரி, மூன்று கரண்டி சீனி போட்ட சாயா, மத்தியானம் மலைபோல் சம்பா அரிசிச் சோறு, தேங்காய் அரைத்த புளிமுளம், ராத்திரி மறுபடி சோறு. அந்தக் கணக்கில்தான்.

மாற்றியது சிலவற்றைத்தான். சாயாவில் சீனி போனது. கருப்பட்டிக்கு மாறலாமே என்றார்கள், அதுவும் சர்க்கரைதான். ராத்திரிச் சோற்றுக்குப் பதில் சிறுபயறு போட்ட கஞ்சி, தொட்டுக்கொள்ளக் காணத் (கொள்ளு) துவையல். மீன் குறையவில்லை, கூடியது; சாளையும் அயிலையும் வயிற்றை நிறைக்கும், அவற்றை வறுக்காமல் குழம்பு வைத்தால் போதும். தேங்காயை விடச் சொன்னால் இங்கே யாரும் கேட்க மாட்டார்கள், நானும் விடவில்லை. ஒரு முழுத் தேங்காய் அரைத்த இடத்தில் அரை மூடி அரைக்கிறோம். எடை மெதுவாக இறங்குகிறது, மழைக்காலத்தில் வெட்டு நின்றால் கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். பழைய பெல்ட் ஓட்டைக்கு ஏறக்குறைய வந்துவிட்டேன்.

மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கைப் பற்றித்தான் இங்கே பெரிய பயம். "தைராய்டு இருக்கா? கிழங்கைத் தொடாதே" என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரவச் செய்த பயிர் அது. பஞ்சத்திலும் யுத்த கால அரிசித் தட்டுப்பாட்டிலும் நம் ஆட்களின் வயிற்றை நிறைத்தது அதுதான், அவ்வளவு எளிதாக எப்படி விட? பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கிழங்கில் சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கிறது. உடம்பு அதைத் தயோசயனேட் ஆக்கும், அது தைராய்டுக்குள் அயோடின் போவதைத் தடுக்கும். ஆனால் இது நோயாக மாறுவது பெரும்பாலும் அயோடினும் குறைந்து, கிழங்கையே நம்பி வாழும் இடங்களில்தான். நறுக்கி நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தால் பெரும்பகுதி போய்விடும். நம் அம்மைமார் காலங்காலமாகச் செய்வது அதுதான். போதாததற்கு, எனக்கு வேண்டிய ஹார்மோன் மாத்திரையாக வந்துவிடுகிறது. எனக்கு அதில் இடைஞ்சல் மாவுச்சத்து மட்டும்தான், 100 கிராம் பச்சைக் கிழங்கில் 38 கிராம் வரும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிழங்கும் மீனும். அன்று சோறு கிடையாது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பயமும் இப்படித்தான். வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

எடை சீக்கிரம் குறையட்டும் என்று மாத்திரையைத் தானாகவே கூட்டிப் போடுகிறவர்கள் உண்டு. தெரிந்த பையன் ஒருவன் அப்படிச் செய்து, நெஞ்சு படபடப்போடு கை நடுங்கி, ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அளவு மீறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். குறைகிற எடையில் தசையும் சேர்ந்து போகும். கர்ப்பமாக இருக்கிற பெண்களுக்குக் கணக்கே வேறு, தெரிந்த உடனே டாக்டரைப் பார்த்து அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

எல்லாருக்கும் மாத்திரை வேண்டும் என்றும் இல்லை. எனக்கு வந்த பிறகு அம்மைக்கும் பார்த்தோம். எழுபத்தைந்து வயதுக்கு மேல், டிஎஸ்எச் ஆறு சொச்சம், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 சரியாக இருந்தது. மாத்திரை வேண்டாம், சில மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். 2017இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், இப்படி லேசாக ஏறியிருந்த 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேருக்கு மருந்து கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்திருக்கிறார்கள். சோர்விலோ மற்ற தொல்லையிலோ வித்தியாசம் இல்லை. அம்மைக்கு இது பிடிக்கவில்லை. "ரத்தத்தையும் எடுத்து ரூபாயையும் வாங்கிட்டு ஒரு குளிகைகூட தரல்லியே" என்று வீடு வரும் வரை புலம்பினாள். அடுத்த தடவை பார்த்தபோது மருந்து ஒன்றும் சாப்பிடாமலே ஐந்துக்குள் இறங்கியிருந்தது. அதற்கும் காரணம் தான் குடித்த சுக்குக் காப்பிதான் என்கிறாள்.