மூன்று ‘க்கு’ வந்த வாக்கியம்: புரோலாகில் அர்த்தத்தை எழுத இரண்டு வழிகள்

திருநெல்வேலி ஜங்ஷனில் சித்தப்பாவுக்கு அல்வாக் கடை. கொடுக்கல் வாங்கலை நோட்டில் வாக்கியமாகவே எழுதி வைப்பார்: “மாரி செல்விக்கு அல்வா கொடுத்தான்.” கேள்வி கேட்டால் பதில் வரும்படி அதையெல்லாம் புரோலாகில் ஏற்ற உட்கார்ந்தேன். தகவலையும் விதியையும் எழுதி வைத்தால், அவற்றிலிருந்து பதில் தேடித் தரும் கணினி மொழி அது.

முதல் வழி எல்லாருக்கும் தோன்றுவது. கொடு(மாரி, செல்வி, அல்வா). ஒரே வரி, பார்த்தாலே புரியும். சின்னப் பயிற்சிக்கு இதுவே போதும்.

இரண்டாவது, நடந்த செயலுக்கே ஒரு பெயர் வைப்பது. விதை போட்டவர் தத்துவவாதி டொனால்ட் டேவிட்சன், 1967-இல்; ஆளையும் பொருளையும் தனித்தனி வரியாகப் பிரித்தது பின்னால் வந்தவர்கள். நிகழ்வு(நி1, கொடு). செய்தவர்(நி1, மாரி). பெற்றவர்(நி1, செல்வி). பொருள்(நி1, அல்வா). வரி நாலாகிறது, கேள்வியும் நீளும்.

முதலாவதில் தொடங்கி இரண்டாவதுக்கு மாறினேன். காரணம் பராமரிப்புதான். நோட்டின் மூன்றாம் பக்கத்தில் இப்படி ஒன்று வந்தது: “மாரி ஆறு மணிக்குச் செல்விக்கு முந்நூறு ரூபாய்க்கு அல்வா கொடுத்தான்.” ஒரு ‘க்கு’ நேரம், ஒன்று ஆள், ஒன்று விலை. முதல் வழியில், அடைப்புக்குறிக்குள் மூன்று இடம் இருந்த ‘கொடு’ ஐந்து இடமாக வேண்டும். புரோலாகுக்கு மூன்று இட ‘கொடு’வும் ஐந்து இட ‘கொடு’வும் வேறு வேறு. பழைய விதிகள் புது வரியைக் கண்டுகொள்ளாது. பிழை என்றும் சொல்லாமல் ‘இல்லை’ என்று பதில் தரும். அந்த ‘இல்லை’யை நம்பி ஒரு ராத்திரி முழுக்கப் போனது. நிகழ்வு வழியில் நேரம்(நி7, 6), விலை(நி7, 300) என்று இரண்டு வரி சேர்த்தேன், பழைய விதி எதையும் தொடவில்லை.

எந்த ‘க்கு’ எது என்று பிரிப்பது எந்த வழியிலும் தலைவலிதான். மணி, ரூபாய் இல்லாவிட்டால் பெற்றவர் என்று விதி வைத்தேன். “கல்யாணத்துக்குக் கொடுத்தான்” வந்ததும் கல்யாணமே அல்வாவைக் கைநீட்டி வாங்கிக்கொண்டது. அப்புறம், புரோலாகில் மாறி, அதாவது எந்தப் பெயரும் வந்து உட்காரக்கூடிய காலி இடம், ஆங்கிலப் பெரிய எழுத்து போன்ற ஒன்றிலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து கிடையாதே, மாறிகளுக்கு முன்னால் அடிக்கோடு போட்டாக வேண்டும்.

நம்மூரில் ‘அல்வா கொடுத்தான்’ என்றால் ஏமாற்றினான் என்றும் ஆகுமே? ‘அளவு’ வரி இருந்தால் நிஜ அல்வா என்று வைத்திருக்கிறேன். அரைக் கிலோ ஏமாற்றம் யாரும் கொடுப்பதில்லை.

‘எல்லாருக்கும்’, ‘கொடுத்திருந்தால்’ போன்றவற்றை நான் அதிகம் தொடவில்லை. அங்கே எது மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ‘கொடுக்கவில்லை’ இரண்டிலும் சிக்கல்தான். நிரூபிக்க முடியாததை இல்லை என்றே எடுத்துக்கொள்வது புரோலாகின் வழக்கம். சித்தப்பா எழுத மறந்த நாளில் செல்வி அல்வாவே வாங்கவில்லை என்று அது சாதிக்கும். செல்வி காலி டப்பாவோடு கடை வாசலில் நிற்பாள்.