5 நாள் ஸ்டீராய்டு, மாதக்கணக்கில் ஓடியது: உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவைப் பாருங்கள்

மூச்சிரைப்பு, மூட்டு வலி, தோல் வியாதி என்று உங்கள் வீட்டில் யாராவது மாத்திரை சாப்பிட்டு வந்தால், தயவுசெய்து இதைப் படியுங்கள்.

அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைத்து இரைக்க வைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். பல வருடப் பீடிப் பழக்கத்தில் வந்தது. மழைக்காலத்தில் இரைப்பு முற்றி ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். நன்றாகத்தான் பார்த்தார்கள், தேறிவிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மில்லிகிராம், காலையில் சாப்பிட்ட பிறகு என்று எழுதியிருந்தது. எத்தனை நாளைக்கு என்று மட்டும் எழுதவில்லை. கேட்டதற்கு, "இதையே கன்டினியூ பண்ணுங்க" என்றார்கள்.

சிஓபிடி இப்படித் திடீரென்று முற்றினால் 40 மில்லிகிராம், 5 நாள், அத்தோடு முடிந்தது. உலக அளவிலான வழிகாட்டுதலே அதுதான். 5 நாளையும் 14 நாளையும் ஒப்பிட்டு 2013-ல் வெளியான ஆய்வு, 5 நாளே போதும் என்று காட்டிவிட்டது. எங்களுக்கு இது தெரிந்தது எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான்.

ஊரில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் அந்தச் சம்மரியைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்தார். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் அதே பழைய சீட்டுக்கு மாதாமாதம் அட்டையைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இது அட்டவணை ஹெச் மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. மறுபடியும் கொடுக்கலாம் என்று டாக்டர் சீட்டில் எழுதாதவரை, ஒரு சீட்டுக்கு ஒரு முறைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளிலேயே இருக்கிறது. கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

மோசம் என்னவென்றால், ஆரம்பத்தில் அப்பா நன்றாகவே இருந்தார். நல்ல பசி, நல்ல தெம்பு. முகம் உப்பியதைப் பார்த்து, "உடம்பு தேறிடுச்சே" என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். பிறகு லேசாக இடித்தாலே கையில் கன்றிப்போனது, சர்க்கரை 300-ஐத் தாண்டியது. சர்க்கரைக்காகப் பார்த்த வேறொரு டாக்டர், "யார் இதைக் கொடுத்தது? இன்றோடு நிறுத்துங்கள்" என்று கோபப்பட்டார். படிப்படியாகக் குறைக்கச் சொல்லவில்லை. அதுதான் அப்பாவைச் சாய்த்தது.

இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இந்த மருந்து உள்ளே போனால், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். ஒரேயடியாக நிறுத்தினால் அந்தச் சுரப்பி சுரக்கும், உடம்புக்குத் தேவையான கார்டிசால் என்ற ஹார்மோன் கிடைக்காது. அப்பாவுக்கு வாந்தி வந்தது, பிபி இறங்கியது, பேச்சுக்கொடுத்தால் பதில் இல்லை. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் பணியில் இருந்த இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "ஸ்டீராய்டு ஏதாவது எடுத்து நிறுத்தினாரா?" என்பதுதான். உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போட்டார். அந்தக் கேள்வியால்தான் அப்பா இன்று எங்களோடு இருக்கிறார். இப்போது மிகச் சிறிய அளவாக, மெதுவாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள்.

அட்டையில் ப்ரெட்னிசோலோன், மெத்தில் ப்ரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், டெஃப்ளசகார்ட் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. எந்தத் தேதிவரை, எப்படிக் குறைப்பது என்று டாக்டரிடம் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. பெயரே இல்லாமல் பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கும் வலி மாத்திரையை வாங்கவே வாங்காதீர்கள், அதில் ஸ்டீராய்டு இருந்தாலும் நமக்குத் தெரியாது.

கடையைப் பற்றி மருந்து ஆய்வாளரிடம் மனு கொடுத்திருக்கிறேன். மருத்துவமனைக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

இதைப் படித்துப் பயந்து யாரும் நாளைக் காலை மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் போய்க் கேட்டு, அவர் சொல்லும் அளவில் குறையுங்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுப்பவர்களும் அப்படித்தான். அதில் போகும் ஸ்டீராய்டு மிகக் குறைவு, அதை விட்டுவிட வேண்டாம்.