ஜவ்வாது மலை சாமை: சுகர் இருக்கறவங்க வாங்கலாமா?

திருவண்ணாமலையில ஒரு சின்ன சிறுதானியக் கடையில தீட்டாத சாமை வாங்குறோம், ஜவ்வாது மலையில விளைஞ்சது, கிலோ 130 ரூபா. அப்பாவுக்கு சுகர்ங்கறதால ஆரம்பிச்சது, இப்ப மதியத்துக்கு வீட்ல எல்லாருக்கும் அதான். வாங்கலாமான்னு கேட்டா, தாராளமா வாங்கலாம், ஆனா எது வாங்குறீங்க, எப்படி சமைக்கறீங்கங்கறதுலதான் விஷயமே இருக்கு.

பாக்கெட்டைப் பிரிச்சதுமே தெரிஞ்சுடும். சூப்பர் மார்க்கெட்ல வர்ற சாமை பெரும்பாலும் ரவை மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கும், இது மங்கலா லேசான பழுப்புல இருக்கு, உள்ளங்கையில போட்டு தேய்ச்சா தவிடு ஒட்டுது. சாமைக்கு மேல இருக்கிற உமி ஜீரணம் ஆகாது, அதை எடுத்தே ஆகணும், அதுக்கு அடியில இருக்கிற தவிட்டுலதான் நார்ச்சத்து அதிகம், மிஷின்ல இன்னும் ரெண்டு ஓட்டு ஓட்டி பளபளன்னு ஆக்கிட்டா அதுவும் போயிடும், மிச்சம் பெரும்பாலும் மாவுச்சத்துதான், அதுக்கு எதுக்குங்க இவ்ளோ காசு. 2023ஐ ஐநா சிறுதானிய ஆண்டா அறிவிச்சதுல இருந்து சிறுதானிய நூடுல்ஸ், சிறுதானிய பிஸ்கட்னு நிறைய வருது, தயவு செஞ்சு பின்னாடி லேபிளைப் படிங்க, பாதிக்கு மேல மைதாவோ கோதுமையோ இருக்கிறது உண்டு.

சிறுதானியத்தைப் பத்தி நடந்த பல ஆராய்ச்சிகளை சேர்த்துப் பாத்து இக்ரிசாட்ங்கற சர்வதேச பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 2021ல ஒரு முடிவு வெளியிட்டாங்க, சராசரி கிளைசீமிக் இண்டெக்ஸ், அதாவது சாப்பாடு எவ்ளோ வேகமா சுகரை ஏத்துதுங்கற அளவு, 52.7தான், அது குறைவு, சர்க்கரை நோயாளிகளுக்கு சாப்பிட்ட பிறகு பாக்குற சுகர் 15 சதவீதம் வரைக்கும் குறைஞ்சிருக்குன்னு. நம்ம வீட்லயும் அப்படித்தான் வந்துச்சு. அதே சாம்பார், அதே அவரைக்காய் பொரியல், சோறு மட்டும் சாமை, வழக்கமா ரெண்டு மணி நேரம் கழிச்சு 220 பக்கம் காட்டுற மிஷின் 180க்குள்ள காட்டுச்சு. ஆனா அதையே குழைய வேகவெச்சு கஞ்சியா குடிச்ச அன்னைக்கு அந்த வித்தியாசத்தைக் காணோம். மாவா அரைச்சாலும் குழைச்சாலும் சீக்கிரம் ஜீரணமாகி சுகர் சர்ருனு ஏறும், உதிரியா வடிச்சு காயை அதிகமா வெச்சு சாப்பிடணும். சாமைதானேன்னு ரெண்டு மடங்கு போட்டுக்கிட்டா அதுவும் சோறுதான்.

குறைன்னா கல்லுதான். இந்தக் கடை சாமையில குறுணிக் கல்லு நிறைய வருது, ரெண்டு பாத்திரம் வெச்சு தண்ணி ஊத்தி மெதுவா அரிச்சு எடுக்கணும், கடைசியில அடியில தங்குறதை யோசிக்காம கொட்டிடுங்க, வயசானவங்க பல்லுல பட்டா அவ்ளோதான். கடையிலயே சலிச்சு கல் எடுத்துக் கொடுத்தா இன்னும் பத்து ரூபா சேர்த்தே வாங்கிக்கலாம். அரிச்சதுக்கு அப்புறம் அரை மணி நேரம் ஊறவெச்சு ஒண்ணுக்கு ரெண்டரை தண்ணி, குக்கர் வேணாம், திறந்த பாத்திரத்துல வெச்சா உதிரியா வருது.

அங்கயே கருப்பு கவுனி அரிசியும் வாங்கினோம். வாசனை அருமை, ராத்திரியே ஊறப்போடலன்னா வேகாது. செட்டிநாட்டுல இதுல தேங்காய், சர்க்கரை போட்டு இனிப்பு பண்ணுவாங்க, சுகர்காரங்க அந்தப் பக்கம் போகாம சோறா மட்டும் சாப்பிடுங்க. விலை கிட்டத்தட்ட 200, தினமும் வாங்க நமக்குக் கட்டுப்படி ஆகாது.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்குறேன், சாமை சாப்பிட்டா மாத்திரையே வேணாம்னு சொல்ற வீடியோவை நம்பி யாரும் மருந்தை நிறுத்தாதீங்க. அப்பா மாத்திரையோடதான் சாப்பிடறார், சுகர் இறங்குறதைக் காட்டி டோஸ் பத்தி டாக்டர்கிட்டதான் கேக்குறோம். கிட்னி பிரச்சனை இருக்கறவங்களும் கேட்டுட்டு ஆரம்பிங்க.

தவிடு இருக்கறதால சீக்கிரம் சிக்கு வாசம் வந்துடும், வண்டும் வைக்கும். அரை கிலோ பாக்கெட்டா வாங்கி ஃபிரிட்ஜ்ல வைங்க, எப்ப உமி எடுத்ததுன்னு கேளுங்க, கடைக்காரர் மறைக்காம தேதி சொல்றார்.