வேலூர் சத்துவாச்சாரி சனிக்கிழமைக் கணக்கு வகுப்பு: அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா?

என் மகள் ஊசூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது, தமிழ்வழி. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறியதால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. ஆனால் பாடப்புத்தகத்தைத் தாண்டிக் கணக்கு சொல்லித்தரத்தான் ஆளில்லை. ஆகவே ஒலிம்பியாட் என்ற கணிதப் போட்டிக்குப் பயிற்சி தரும் இந்த வகுப்பில் சேர்த்தேன்.

ஆசிரியர் கெட்டிக்காரர். 7-இன் 100-ஆம் அடுக்கில் கடைசி இலக்கம் என்ன என்று கேட்டுவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுகிறார். 7, 9, 3, 1 என்று சுழல்வதைப் பிள்ளைகளே கண்டுபிடித்து ‘ஒன்று’ எனக் கத்தும்வரை வாயைத் திறப்பதில்லை. பிறகுதான், பத்தாம் வகுப்பு அரசுப் புத்தகத்தில் இருக்கிற மட்டு எண்கணிதம் (வகுத்தால் வரும் மீதியை வைத்துப் போடும் கணக்கு) இதுதான் என்கிறார். மகள் அன்று வீடு வந்ததும் அக்கா புத்தகத்தைத் தேடி எடுத்தாள்.

பயிற்சித்தாள்தான் எரிச்சல். முழுக்க ஆங்கிலம். கணக்குத் தெரிந்த பிள்ளை கேள்வி புரியாமல் விழிக்கிறாள். ஒலிம்பியாடின் முதல்கட்டத் தேர்வான ஐ.ஓ.க்யூ.எம்.மில் மூன்று மணி நேரத்தில் 30 கணக்குகள். நான்கு விடைகளில் ஒன்றை ஊகித்து டிக் அடிக்கும் வழியும் கிடையாது. அங்கே ஆங்கிலத்தோடும் மல்லுக்கட்ட வேண்டுமென்றால், இங்கே தமிழில் ஒரு சொற்பட்டியலாவது தரக்கூடாதா? சொல்லிப் பார்த்தேன், தலையாட்டினார்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். மின்விசிறி பெயருக்குச் சுற்றுகிறது. வேலூர் வெயிலுக்குத் தண்ணீர் பாட்டில் கட்டாயம். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் காலை வகுப்பையே கேளுங்கள், மாலை வகுப்பு முடிந்து பஸ் பிடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது.